லேப்டாப் எஸ்எஸ்டியை வேறு பெட்டிக்கு மாற்றினேன், ஆப்ட் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பிழை சொல்கிறது

கேள்வி

வணக்கம். வீட்டு முன்னறையில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கிரகப்பிரவேச அழைப்பிதழ் எல்லாம் தட்டச்சு செய்து, வடிவமைத்துக் கொடுக்கிறேன். பத்து வருட வேலை முழுவதும் ஒரே லேப்டாப்பில் இருந்தது. உபுண்டு 22.04, பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ், தமிழ்99 விசைப்பலகை. கடந்த ஏப்ரல் 2 அன்று அதன் மதர்போர்டு போய்விட்டது. ஆவணி முகூர்த்த வேலைகள் வரத் தொடங்கியதால் ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கினேன். ஆறாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம் இரண்டு. லேப்டாப்பில் இருந்த 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டினேன். முதல் தடவையிலேயே பூட் ஆகி, என் பழைய திரை அப்படியே வந்து நின்றது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

தொல்லை ஆரம்பித்தது அப்டேட்டில்தான்.

முதலில் தேதி. திரையில் ஏப்ரல் 2 என்றே காட்டியது. செல்போனை யுஎஸ்பியில் சொருகி நெட் கொடுத்த கையோடு, மென்பொருளை இறக்கி நிறுவும் ஆப்ட் கருவியில் அப்டேட் ஓட்டினேன். சர்வரில் இருக்கும் பேக்கேஜ் பட்டியலின் ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை, இன்னும் 128 நாள் இருக்கிறது என்று நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் நேரம் தானாகச் சரியானது. மதர்போர்டில் இருந்த 2032 பட்டன் செல் தீர்ந்திருந்தது, மாற்றிவிட்டேன். அது முடிந்த கதை.

அப்புறம் ஆப்ட் அப்கிரேடு. நானூற்றுச் சொச்சம் பேக்கேஜ். நடுவில் ஹாஷ் சம் மிஸ்மேட்ச், அதாவது இறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை. மறுபடி ஓட்டினால் அதே பிழை, ஆனால் வேறொரு பேக்கேஜுக்கு. ஒரு வீடியோவில் சொன்னபடி, கிடைக்காத பேக்கேஜ்களை விட்டுவிட்டு மற்றதை ஏற்றும் ஃபிக்ஸ்-மிஸ்ஸிங் சேர்த்து ஓட்டினேன். பாதி ஏறியது. புதிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏறும்போது பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ் என்பதைக் கட்ட முடியவில்லை என்று சொல்லி நின்றது. இப்போது எதை நிறுவப் போனாலும் லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-ஹெடர்ஸ் இரண்டும் கான்ஃபிகர் ஆகவில்லை என்று அதே பாட்டு. இரண்டு நிறுவல் ஒரே சமயத்தில் நடக்காமல் தடுக்கும் லாக் கோப்பை வேறு நடுவில் ஒருமுறை அழித்தேன்.

தெரிந்தவர்கள் எல்லாரும் ஃபார்மட் செய்து புதிதாகப் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனது வரவில்லை. இருபத்தெட்டாம் தேதிக்குள் ஆறு பத்திரிகை கொடுக்க வேண்டும். வழி இருக்கிறதா?

பதில் 1

அக்கா, ஃபார்மட் வேண்டாம். நீங்கள் சொல்வதில் பாதி, பெட்டி மாற்றினால் எல்லாருக்கும் வருவதுதான்.

தேதி ஏப்ரல் 2-இல் நின்றதற்குக் காரணம் உண்டு. செல் தீர்ந்த பெட்டியில் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். கடைசியாக நேரம் சரிபார்த்த பொழுதை, பூட்டையும் சேவைகளையும் கவனிக்கும் சிஸ்டம்டி உங்கள் எஸ்எஸ்டியில் குறித்து வைத்திருக்கும், பூட் ஆகும்போது குறைந்தது அந்த இடத்துக்காவது கடிகாரத்தைக் கொண்டுவரும். அதனால்தான் லேப்டாப் நின்ற நாளே வந்தது.

லாக் கோப்பை இனி அழிக்காதீர்கள். நாலு மாதம் உறங்கிய சிஸ்டம் எழுந்ததும், தானாக அப்டேட் போடும் அன்அட்டெண்டெட் அப்கிரேட்ஸ் பின்னணியில் வேலையைத் தொடங்கிவிடும். லாக் அதன் கையில்தான் இருந்திருக்கும். எந்தப் பிராசஸ் பிடித்திருக்கிறது என்று ஆப்டே எண்ணோடு சொல்லும், அது முடியும் வரை காத்திருந்தால் போதும். ஆப்டுக்குக் கீழே பேக்கேஜை நிறுவுவது டிபிகேஜி; இரண்டு பேர் ஒரே சமயத்தில் அதன் கணக்கில் எழுதினால் அந்தக் கணக்கே கெட்டுப்போகும்.

அந்த பிசிஎம்டபிள்யூஎல் பழைய லேப்டாப்பின் வைஃபை சிப்புக்கான டிரைவர். புதிய கெர்னல் ஏறும் ஒவ்வொரு முறையும், டிரைவர்களைக் கட்டும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதைக் கம்பைல் செய்யப் பார்க்கும். முடியாவிட்டால் கெர்னலின் நிறுவலும் பாதியில் நிற்கும், அதை நம்பியிருக்கும் மற்றவையும் நிற்கும். இந்தப் பெட்டியில் அந்தச் சிப்பே இல்லை. சுடோ ஆப்ட் பர்ஜ் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ், பிறகு சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ, பிறகு சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால். இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

பதில் 2

ஹாஷ் பிழை மிரரால் (பேக்கேஜ்களின் நகல் சர்வர்) வரலாம், நெட் கொடுக்கும் நிறுவனம் இடையில் வைத்திருக்கும் கேஷாலும் வரலாம். சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸில் மெயின் சர்வரைத் தேர்ந்தெடுங்கள். ஆப்ட் கிளீன் கொடுத்து, வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் கோப்புறையில் இருப்பதையும் காலி செய்துவிட்டு மறுபடி அப்டேட். சாட்டா கேபிளையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. டிரைவரை நீக்கியதும் கெர்னல் கான்ஃபிகர் ஆகிவிட்டது! ஆனால் ஹாஷ் பிழை போகவில்லை. மெயின் சர்வர், வேறு சிம், பக்கத்து வீட்டு பிராட்பேண்ட் மூன்றிலும் அதேதான். டிஸ்க் நலம் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் பார்த்தேன், கேபிள் கோளாறைக் காட்டும் சிஆர்சி எரர் கவுண்ட் 0.

நீக்குவதற்கு முன்னால் அந்த டிரைவரின் மேக் லாக்கைச் சேமித்து வைத்தேன். அதன் கடைசியில் இன்டெர்னல் கம்பைலர் எரர், செக்மென்டேஷன் ஃபால்ட் என்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி: இந்தப் பிழை மறுபடி வரவில்லை, எனவே வன்பொருளிலோ இயங்குதளத்திலோ கோளாறு இருக்கலாம் என்ற பொருளில். இது எதற்காவது உதவுமா?

பதில் 3

அம்மா, அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கல்லூரி லேப் ஒன்றில் பதினேழு வருடமாக முப்பது நாற்பது பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த வரி வந்தால் நான் சாஃப்ட்வேரைத் தொடுவதையே நிறுத்திவிடுவேன்.

டிரைவர் பழையது என்பதால் கம்பைல் ஆகவில்லை என்றால், இந்த ஃபங்ஷன் இல்லை, இந்த ஸ்ட்ரக்சர் மாறிவிட்டது என்று ஒழுங்கான பிழை வரும், நூறு தடவை ஓட்டினாலும் அதே இடத்தில் வரும். உங்களுக்கு வந்தது அதுவல்ல, கம்பைலரே விழுந்திருக்கிறது. அப்படி விழுந்தால் உபுண்டுவின் கம்பைலரான ஜிசிசி அதே வேலையைத் தானே மறுபடி செய்து பார்க்கும். இரண்டாம் முறை வேறு விதமாக முடிந்தால்தான் இந்த வரியை எழுதும். ஒரே கோப்பு, ஒரே கம்பைலர், இரண்டு வேறு முடிவு. ஏப்ரலிலும் உங்களிடம் இருந்தது 6.8 கெர்னல்தானே? அப்போது இதே டிரைவர் லேப்டாப்பில் கட்டப்பட்டிருக்கிறது. ஹாஷ் பிழையும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு பேக்கேஜில் வருகிறது. என் சந்தேகம் ராம் மீதுதான்.

பிரவுசரில் ஒரு படத்தின் ஒரு பிட் மாறினால் யாருக்கும் தெரியாது. ஆப்ட் அப்படி விடாது. இறக்கிய ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஷா256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்குப் போட்டு, கையொப்பமிட்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அதனால் ராம் கெட்ட பெட்டியில் முதலில் குரல் கொடுப்பது பெரும்பாலும் ஆப்ட்தான். தயவுசெய்து அதை நோண்டாதீர்கள். ஃபிக்ஸ்-மிஸ்ஸிங்கும் இனி வேண்டாம்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு சோதனை. 2 ஜிபி அளவில் ஏதாவது பெரிய கோப்பு, கல்யாண வீடியோவாக இருந்தாலும் சரி, எடுத்து ஷா256சம் கணக்குப் போடுங்கள். பெட்டியை ரீஸ்டார்ட் செய்து மறுபடி போடுங்கள். ஐந்தாறு முறை. ரீஸ்டார்ட் முக்கியம், ஏனென்றால் ஒருமுறை படித்த கோப்பு ராமிலேயே தங்கியிருக்கும், தப்பாகத் தங்கியிருந்தாலும் அதே விடையையே திரும்பத் தரும். ஒரு தடவை எண் மாறினாலும் போதும்.

பிறகு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+. 22.04-இல் வரும் 5.31 பதிப்பு யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த முறை) பூட்டில் ஓடாது. 6-ஆம் பதிப்பிலிருந்து ஓடும், அதைப் பென்டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். கிளம்பவில்லை என்றால் செக்யூர் பூட்டை அணையுங்கள். இரவு முழுக்க ஓடட்டும். சிவப்பு வரி ஒன்று வந்தாலும், ராமை ஒவ்வொன்றாகத் தனியே மாட்டி எது என்று பாருங்கள். ஸ்லாட்டிலும் கோளாறு இருக்கலாம், அதனால் இடம் மாற்றியும் பாருங்கள்.

அதுவரை பத்திரிகைக் கோப்புகளைத் திறந்து சேமிக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். தப்பான பிட் ராமிலிருந்து அப்படியே டிஸ்க்குக்குப் போகும். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் இஎக்ஸ்டி4 உங்கள் கோப்பின் உள்ளடக்கத்துக்குச் சரிபார்ப்பு எதுவும் வைத்திருப்பதில்லை.

ராம் மாற்றியதும் டெப்சம்ஸ் நிறுவி, சுடோ டெப்சம்ஸ் -சி ஓட்டுங்கள். கெட்டுப்போய் டிஸ்க்கில் ஏறிய பேக்கேஜ் கோப்புகளைப் பெயரோடு காட்டும். அந்த பேக்கேஜ்களை மட்டும் ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் செய்தால் போதும். டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் கோப்பில் ஏதாவது கோணல் தெரிந்தால் பதறாதீர்கள், வார்/பேக்கப்ஸ் உள்ளே டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0 என்று முந்தைய பிரதி இருக்கும்.

கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னதேதான்.

வீடியோவுக்கு நாலு முறை ஒரே எண் வந்தது. ஐந்தாவது முறை முழுக்க வேறு எண். வெள்ளைத் தாளில் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி வைத்துப் பார்த்தேன், கை சில்லிட்டுவிட்டது. மெம்டெஸ்ட் இருபது நிமிடத்தில் சிவப்பு வரிகளைக் காட்டியது. ஒரு ராமைத் தனியே மாட்டினால் இரவு முழுக்கச் சுத்தம், மற்றதை எந்த ஸ்லாட்டில் மாட்டினாலும் சிவப்பு. விற்றவரிடம் திரையைப் படமெடுத்துக் காட்டினேன், வேறு ராம் கொடுத்துவிட்டார். அதையும் ஒரு இரவு ஓட்டிப் பார்த்துவிட்டே நம்பினேன்.

ஆப்ட் கிளீன், அப்டேட், அப்கிரேடு. ஒரு பிழையும் இல்லை. டெப்சம்ஸ் மூன்று கோப்புகளைக் காட்டியது: ஒன்று லிப்ரே ஆஃபீஸில், இரண்டு ஒரு ஐகான் தொகுப்பில். ரீஇன்ஸ்டால் செய்ததும் மறுபடி ஓட்டினேன், பட்டியல் காலி.

ராம் கெட்டிருந்த ஒன்பது நாளில் நான் திறந்து சேமித்தவை பதினோரு கோப்புகள். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்து சரியாக இருக்கின்றன. ஒரு வளைகாப்பு அழைப்பிதழில் வைத்திருந்த படத்தின் கீழ்ப்பாதி மட்டும் பச்சையாக இழுபட்டிருந்தது. மார்ச் மாதம் பென்டிரைவில் எடுத்து வைத்த பிரதியில் அந்தப் படம் நன்றாக இருந்தது, அதை எடுத்து வைத்துவிட்டேன். நாளை காலை அச்சுக்குப் போகிறது.