ஜனவரியில் மால்டா: வயதான அம்மாவோடு போகலாமா?

கடற்கரைக்காகம் கேட்டது:
வணக்கம். ஜனவரி கடைசியில் ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. கடுங்குளிர் ஆகாது. மால்டாவில் பகலில் 15, 16 டிகிரி இருக்கும் என்கிறார்கள். தலைநகர் வாலெட்டாவில் பழைய கல்வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். உயரமான கூரை, மரத்தால் மூடிய பால்கனி, படத்தில் கொள்ளை அழகு. வாடகையும் மலிவு. பணம் கட்டிவிடலாமா? கடலில் காலையாவது நனைக்கணும் என்பது அம்மாவின் ஆசை.

உப்புக்காற்று:
ஊருக்குத் தாராளமாகப் போங்கள். அந்த வீடு மட்டும் வேண்டாம்.

வேலை நிமித்தமாக அங்கே குளிர்காலம் கழித்தவள் சொல்கிறேன். மால்டாவில் வீட்டுக்குள்தான் குளிரும். மத்தியானம் வெயிலில் நின்றால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும்; கதவைத் திறந்து உள்ளே போனதும் திரும்ப மாட்டிக்கொள்வீர்கள். கோடை வெக்கைக்காகக் கட்டிய வீடுகள் அவை. கனமான சுண்ணாம்புக்கல் சுவர், உயரமான கூரை, ஓடு பதித்த தரை. வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு அநேகமாக எங்கும் கிடையாது. அந்தக் கல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். என் அறையில் துவைத்துப் போட்ட துண்டு மறுநாளும் காயாது, உப்பு ஜாடியில் கட்டி தட்டிப்போகும். ஈரம் உறிஞ்சும் மெஷினை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் அதன் தொட்டியில் நிறைந்த தண்ணீரைக் கொட்டுவதுதான் முதல் வேலை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்றார், மகராசன்.

அதனால் தெற்கு பார்த்த ஜன்னல், சூடான காற்றும் தருகிற ஏசி, லிஃப்ட் மூன்றும் இருக்கிற புது ஃபிளாட்டாகவோ ஹோட்டலாகவோ பாருங்கள். மின்சாரக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முழங்கால் விஷயம். வாலெட்டாவில் பல தெருக்கள் படிக்கட்டாகவே இறங்கும், மழை பெய்தால் கல்தரை வழுக்கும். துறைமுகப் பக்கத்திலிருந்து மேல் பரக்கா தோட்டத்துக்கு 2012இல் திறந்த லிஃப்ட் இருக்கிறது. 58 மீட்டர் உயரம், நொடியில் மேலே. பகல் 12 மணிக்குக் கீழே பீரங்கி வெடிப்பார்கள், அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

நாடோடிமேகம்:
சைப்ரஸைச் சொல்ல யாருமே இல்லையா? லார்னகா உப்பேரியில் குளிர்காலத்தில் ஃபிளமிங்கோ கூட்டம். கார் எடுத்தால் 1,952 மீட்டர் ட்ரூடோஸ் மலையில் பனியும் பார்க்கலாம், அன்றைக்கே கடலோரம் திரும்பிவிடலாம். மால்டாவில் ஒரு வாரம் என்ன செய்வது?

உப்புக்காற்று:
நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் பனி ஆகாதவரைப் பனிமலைக்கு ஏன் கூட்டிப்போகணும்? மால்டாவில் கார் இல்லாமலே பஸ்ஸில் சுற்றிவிடலாம், ஆங்கிலம் பேசினால் போதும். கோடையில் காய்ந்து கிடக்கும் தீவு ஜனவரியில் பச்சையாக இருக்கும், வயல் ஓரமெல்லாம் மஞ்சள் புளியாரைப்பூ.

கடற்கரைக்காகம்:
நன்றி அக்கா. வீட்டைக் கைவிட்டாச்சு. கோஸோ தீவுக்கு ஒருநாள் போய்வரலாமா? கடலில் கால் நனைப்பது?

உப்புக்காற்று:
கோஸோவை எந்தத் தேதிக்கும் கட்டிப்போடாதீர்கள். அன்றைய காற்றைப் பார்த்து முடிவெடுங்கள். வடக்கு முனையில் உள்ள சிர்கெவ்வா துறையிலிருந்து போகிற பெரிய படகில் அரைமணிக்குள் கோஸோ வந்துவிடும், டிக்கெட் வாங்குவது திரும்பும்போதுதான். காற்று பலமானால் வாலெட்டாவின் அதிவேகப் படகை முதலில் நிறுத்துவார்கள். வடகிழக்கிலிருந்து வரும் கிரிகேல் என்கிற காற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2019 பிப்ரவரிப் புயலில் ஷெம்ஷியா பக்கம் மீன்கள் ரோட்டில் வந்து விழுந்தன!

கடல் 15, 16 டிகிரிதான் இருக்கும். கால் நனைக்கலாம், முங்கிக் குளிக்க வேண்டாம். வடமேற்குக் காற்றடிக்கிற நாளில் தென்கிழக்கில் பிர்ஸெப்புஜாவின் பிரிட்டி பே மணல்கரைக்குக் கூட்டிப்போங்கள், அங்கே மறைவாக இருக்கும். எதிரே கன்டெய்னர் துறைமுகத்தின் கிரேன்கள் நிற்கும், படத்துக்கு அழகில்லை. ஆனால் நடைபாதை சமதளம், உட்காரவும் இடமுண்டு. மூன்று மணிக்குள் போய்விடுங்கள், வெயில் இறங்கினால் சட்டென்று குளிரும். துண்டு ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.