கியூட் சார்ட்ஸ் பை சார்ட்: டாக்குமென்டேஷனைத் திருத்த வேண்டுமா, ஒழுங்காகப் படித்தால் போதுமா?

கணக்குப்பிள்ளை:
கியூட் (Qt) என்பது டெஸ்க்டாப் புரோகிராம்கள் எழுத உதவும் டூல்கிட். அதன் வரைபடப் பகுதியான கியூட் சார்ட்ஸில் பை சார்ட் (வட்டத்தைத் துண்டு போட்டுப் பங்கு காட்டும் படம்) வரைய இரண்டு கிளாஸ்கள் உண்டு. முழு வட்டத்துக்கு பை சீரீஸ், ஒவ்வொரு துண்டுக்கும் பை ஸ்லைஸ். இவற்றின் டாக்குமென்டேஷனுக்கு (சுருக்கமாக டாக்ஸ்) ஒரு பேட்ச், அதாவது திருத்தத் தொகுப்பு, எழுதிக்கொண்டிருக்கிறேன். திருத்தங்களைப் பரிசீலிக்கும் கெரிட் தளத்தில் ஏற்றுவதற்கு முன் இங்கே அடி வாங்கிக்கொண்டால் வலி குறையும் என்று வந்தேன்.

காரணம் பட்ட அனுபவம். ஒரு வியாபாரிக்குக் கிளைவாரியாக லாபம் காட்டும் சின்ன டெஸ்க்டாப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். நான்கு கிளைகளில் ஒன்று அந்த மாதம் 40,000 ரூபாய் நஷ்டம். பை சார்ட்டிலோ அந்தக் கிளை 40,000-க்கு உரிய அகலத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை. வியாபாரி பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, அதுவும் தேறிடுச்சே" என்றார். மைனஸ் மதிப்பு கொடுத்தால் ஸ்லைஸ் குறியை உதறிவிட்டு பிளஸ்ஸாக வைத்துக்கொள்ளும் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது.

இதை, ஸ்லைஸைச் சேர்க்கும் அப்பெண்ட் ஃபங்ஷனின் விளக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்பது என் முதல் திருத்தம். கோணங்களுக்கு ஒரு படம், பையின் நடுவில் விடும் டோனட் துளைக்கு ஒரு எண் கணக்கு, இவையும் பேட்சில் இருக்கின்றன.

பழைய_கம்பைலர்:
நீங்கள் கேட்கும் குறிப்பு ஏற்கெனவே இருக்கிறது. பை ஸ்லைஸ் பக்கத்தில் வேல்யூ (ஸ்லைஸின் மதிப்பு) என்ற பிராப்பர்ட்டிக்குக் கீழே, நெகட்டிவ் மதிப்பு பாசிட்டிவாக மாற்றப்படும் என்று நோட் போட்டே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே விஷயத்தை நாலு இடத்தில் எழுதினால், நாளைக்கு அது மாறும்போது ஒரு இடத்தில் திருத்துவார்கள், மூன்று இடத்தில் மறந்துவிடுவார்கள். ரெஃபரன்ஸ் என்பது அகராதி மாதிரி. அதில் கதை எழுதக் கூடாது. அது போகட்டும், நஷ்டத்தை யாராவது பை சார்ட்டில் போடுவார்களா? முழுமையின் பங்கைக் காட்டும் படத்தில் மைனஸ் பங்குக்கு என்ன அர்த்தம்?

கணக்குப்பிள்ளை:
நஷ்டத்தைப் பையில் போட்டது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நோட் இருக்கும் இடத்துக்கு ஒரு புதுப் பயனர் எந்த வழியாகப் போவார்?

அவர் முதலில் பார்ப்பது உதாரணத்தை. ஜேன், ஜோ, ஆண்டி, பார்பரா, ஆக்செல் என்று ஐந்து பேர், மதிப்புகள் 1 முதல் 5 வரை. எல்லாம் நல்ல பிள்ளை எண்கள். அங்கே இருக்கும் அப்பெண்டைச் சொடுக்கினால் பை சீரீஸ் பக்கத்துக்குப் போகிறார். ஸ்லைஸின் உரிமை சீரீஸுக்குப் போய்விடும், மதிப்பு 'நான்' (எண்ணே அல்லாதது) அல்லது இன்ஃபினிட்டி (முடிவிலி) என்றால் எதையும் சேர்க்காமல் நல் (வெறுமை) திரும்பும் என்று அங்கே இருக்கிறது. ஆகாத மதிப்புகள் எவை என்று அந்த இடத்திலேயே எழுதிவிட்டு மைனஸை மட்டும் விட்டால், படிப்பவர் என்ன நினைப்பார்? மைனஸில் சிக்கல் ஏதும் இல்லை என்றுதான். அகராதியிலும் "காண்க" என்று போடுவார்கள், ஐயா.

மதிய_ஷிஃப்ட்:
நான் அந்த நல்லில் அடிபட்டவன். (வழியில் ஒன்று: 'நாட் எ நம்பர்' என்பதைத் தமிழில் 'நான்' என்று எழுதினால், குற்றத்தை நானே ஒப்புக்கொள்வது போல இருக்கிறது.)

சராசரி கணக்கிடும் இடத்தில் தரவே வரவில்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாயிற்று. அப்பெண்ட் நல் கொடுத்தது. அடுத்த வரியில் அதன் மேலேயே லேபிளைக் காட்டச் சொல்லியிருந்தேன், புரோகிராம் செத்தது. ஆனாலும் அது நாணயமான சாவு. அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டேன். கணக்குப்பிள்ளைக்கு நடந்தது அதைவிட மோசம். படம் நன்றாகவே வருகிறது, ஆனால் பொய் சொல்கிறது. இந்த வேறுபாட்டுக்காகவே ஒரு வரி கூடுதலாக எழுதலாம். கோணப் படம் தேவையா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

பழைய_கம்பைலர்:
எனக்குச் சந்தேகமே இல்லை, தேவையில்லை. பூஜ்யம் டிகிரி என்பது கடிகாரத்தின் 12 மணி இடம் என்று எழுதியே இருக்கிறது. கடிகாரம் பார்க்கத் தெரியாதவர்களுக்காகப் படம் போட முடியாது.

கணக்குப்பிள்ளை:
கடிகாரம் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கடிகாரம் என்பதில்தான் குழப்பம். இதே கியூட்டில், படத்தை நாமே வரைய உதவும் பெயிண்டர் கிளாஸின் டிரா-பை ஃபங்ஷனை எடுங்கள். அங்கே பூஜ்யம் 3 மணி இடத்தில். பாசிட்டிவ் கோணம் இடஞ்சுழியாகப் போகும். அலகோ டிகிரியில் பதினாறில் ஒரு பங்கு, முழு வட்டம் 5760. பை சீரீஸில் பூஜ்யம் உச்சியில், வலஞ்சுழி, முழு வட்டம் 360. ஒரே டூல்கிட், ஒரே வட்டம், மூன்று விஷயத்திலும் வேறு வேறு. பழைய புரோகிராமில் பெயிண்டரால் வரைந்த பையை இதற்கு மாற்றுகிறவர்கள்தான் இந்தப் பக்கத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினால் ஒரே பார்வையில் முடிந்துவிடும்.

பழைய_கம்பைலர்:
பதினாறில் ஒரு பங்கு சமாச்சாரம் என் தலைமுறைக்கு மனப்பாடம். இப்போது வருகிறவர்களுக்கு இல்லைதான். சரி, படத்தை கிளாஸ் அறிமுகத்தில் போடுங்கள், பிராப்பர்ட்டிக்குக் கீழே வேண்டாம்.

பட்டை_பக்தை:
எல்லோரும் பையை எப்படிச் சுடுவது என்று பேசுகிறீர்கள். சுடவே வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. வில்லியம் பிளேஃபேர் 1801-ல் பை சார்ட்டை அச்சிட்டார். புள்ளியியலாளர்கள் கிளீவ்லாண்டும் மெக்கில்லும் 1984-ல் சோதித்துப் பார்த்து, பொது அளவுகோலில் உள்ள இடத்தை ஒப்பிடுவதைவிடக் கோணத்தை மதிப்பிடுவதில் மனிதர்கள் அதிகம் தவறுகிறார்கள் என்று காட்டினார்கள். "ஐந்தாறு துண்டுக்கு மேல் போனால் பார் சார்ட்டுக்கு (பட்டை வரைபடத்துக்கு) போ" என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். கணக்குப்பிள்ளை பார் சார்ட் போட்டிருந்தால் நஷ்டம் கோட்டுக்குக் கீழே தொங்கியிருக்கும், இந்தத் திரிக்கே வேலை இருந்திருக்காது.

பழைய_கம்பைலர்:
கடைசி வாக்கியம் அருமை. ஆனால் அரிவாளோடு வரும் தாளில் எந்தக் காயை நறுக்கக் கூடாது என்று எழுத மாட்டார்கள். டூல்கிட் டாக்ஸ் கருவி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும், ரசனை கற்றுத்தரக் கூடாது.

பட்டை_பக்தை:
அரிவாளின் எந்தப் பக்கம் கூர் என்று சொல்வார்கள் அல்லவா? நான் கேட்பதும் அவ்வளவுதான்.

மதிய_ஷிஃப்ட்:
துளைக்கு வாருங்கள், எனக்கு அதுதான் வேண்டும். துளையின் அளவான ஹோல் சைஸுக்கு 0.5 கொடுத்தேன். பையின் பாதி துளையாகும் என்று எதிர்பார்த்தேன், ஒல்லியான வளையல்தான் வந்தது.

கணக்குப்பிள்ளை:
அந்த 0.5 பையைப் பொறுத்ததில்லை, சார்ட் இடத்தைப் பொறுத்தது. பை சைஸும் அதே அளவுகோலில்தான், டிஃபால்ட் 0.7. ஆக ஆரத்தில் ஏழில் ஐந்து பங்கு துளை, மிச்சம்தான் வளையம். பாதி வேண்டுமானால் 0.35 கொடுங்கள். துளைக்கு 0.8 கொடுத்துப் பாருங்கள், வேடிக்கை: துளையைவிடப் பை சிறியதாக இருக்கக் கூடாது என்று பை சைஸும் 0.8 ஆகிவிடும். துளையும் பையும் ஒரே அளவு, வளையத்துக்கு இடமே இல்லை. டாக்ஸில் விதி சரியாகவே எழுதியிருக்கிறது. இந்த 0.7, 0.35 கணக்கை ஒரு வரி சேர்த்தால்தான் விதி தலையில் ஏறும்.

பழைய_கம்பைலர்:
இந்த ஒன்றுக்கு என் ஓட்டு உண்டு. 0.35 எங்கிருந்து வந்தது என்பதை விதியிலிருந்து கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, உதாரணம் அந்த வேலையைச் செய்யும். ஆனால் உதாரண நிரலை டாக்ஸ் கமென்டில் கையால் தட்டாதீர்கள். கம்பைல் ஆகும் உதாரண ஃபைலில் எழுதி, டாக்ஸை உருவாக்கும் கருவியான கியூடாக்கின் ஸ்னிப்பெட் கட்டளையால் இழுங்கள். ஏபிஐ (ஃபங்ஷன்களை அழைக்கும் முறை) மாறினால் உதாரணம் கம்பைல் ஆகாமல் பில்ட் உடையும், யாராவது கவனிப்பார்கள். மைனஸ் வரியை எப்படி எழுதியிருக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
ஆங்கிலத்தில்தான் போகும். பொருள் இது: "மதிப்பு நெகட்டிவாக இருந்தால் சத்தமில்லாமல் பாசிட்டிவாக மாற்றப்படும், காண்க: பை ஸ்லைஸ், வேல்யூ. பிளஸ்ஸும் மைனஸும் கலந்த தரவுக்கு பார் சீரீஸைப் பயன்படுத்தவும்."

பட்டை_பக்தை:
இரண்டாவது வாக்கியத்துக்கு நன்றி.

பழைய_கம்பைலர்:
"சத்தமில்லாமல்" வேண்டாம், அது புகார் மாதிரி தொனிக்கிறது. "எச்சரிக்கை எதுவும் தராமல்" என்று போடுங்கள். இரண்டாவது வாக்கியத்தை கிளாஸ் அறிமுகத்துக்கு நகர்த்தினால் நான் எதிர்க்க மாட்டேன். கெரிட்டில் ஏற்றியதும் லிங்க் கொடுங்கள், ரிவ்யூவில் என் பெயரையும் சேருங்கள்.