டிரான்ஸ்பார்மர் ஆயில் டெஸ்டில் உங்களால் மறக்க முடியாத அனுபவம்

மின்னல்110:
பன்னிரண்டு வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. 110/11 கேவி, 16 எம்விஏ டிரான்ஸ்பார்மர். டிஜிஏ (ஆயிலில் கரைந்த கேஸ்களை அளக்கும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில், ஆயில் அதிகம் சூடானால் உருவாகும் எத்திலீன் முதலில் 60 பிபிஎம், ஆறு மாதம் கழித்து 140, அப்புறம் 310. பிடிவி, அதாவது ஆயில் எத்தனை வோல்டேஜ் வரை தாங்கும் என்ற அளவு, மட்டும் 62 கேவி. மேலே சொன்னால் "பிடிவி நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள். பிடிவி ஈரத்தையும் தூசியையும்தான் காட்டும், உள்ளே ஒரு ஜாயிண்ட் சூடாவதைக் காட்டாது என்று எடுத்துச் சொல்ல அப்போது எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஃபில்டர் மெஷின் வைத்து ஆயிலைச் சுற்றவிட்டார்கள், அடுத்த டெஸ்டில் எத்திலீன் 4. எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும்தான். வேக்குவத்தில் கேஸ்தான் வெளியேறியது, சூடு அங்கேயே இருந்தது. நான்கு மாதம் கழித்து இரவு ஒன்றரை மணிக்கு புக்ஹோல்ஸ் ரிலே (உள்ளே கேஸ் சேர்ந்தால் எச்சரிக்கும் கருவி) அலாரம். ரிலே கண்ணாடியில் ஆயில் மட்டம் பாதிக்குக் கீழே இறங்கி, மேலே வெறுமையாக இருந்தது. டார்ச் அடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். திறந்தபோது லீடு ஜாயிண்டில் பேப்பர் கரியாகி, தொட்டால் உதிர்ந்தது.

பழைய ஃபோர்மேன்:
தம்பி, ஃபில்டர் போட்டதைக் குறை சொல்லாதீர்கள். ஆயிலில் ஈரம் இருந்தால் போட்டுத்தான் ஆக வேண்டும். போட்ட பிறகு ஒரு மாதத்துக்குள் மறுபடி சாம்பிள் எடுக்காததுதான் தப்பு. எங்களுக்கு நடந்தது நேர் எதிர். அசிட்டிலீன் 45 பிபிஎம், ஹைட்ரஜன் 12தான். அசிட்டிலீன் வந்தால் உள்ளே ஆர்க் (மின்பொறி) அடிக்கிறது, டேங்கைத் திறக்க வேண்டும் என்று கிரேனுக்கே சொல்லியாகிவிட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளே ஆர்க் என்றால் ஹைட்ரஜனும் கூடவே ஏற வேண்டும் அல்லவா? ஏணி போட்டு ஏறி டாப் சேஞ்சர் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) கன்சர்வேட்டர், அதாவது அதன் தனி ஆயில் தொட்டியின் கேஜைத் துடைத்துப் பார்த்தேன், முள் போன மாதம் நின்ற இடத்தில் இல்லை, கீழே இறங்கியிருந்தது. அந்த சுவிட்ச் மாறும்போது ஆர்க் அடிப்பது இயல்பான டைவர்ட்டர் பகுதியின் ஆயில், அசிட்டிலீனோடு மெயின் டேங்குக்குள் கசிந்துகொண்டிருந்தது. ஒரு சீலை மாற்றியதோடு முடிந்தது.

ஆயில்லேப்:
என் கதை சின்னது. வெயிலில் பஸ்ஸில் வந்த ஒரு ஆயில் சாம்பிள் சிரிஞ்சில் பட்டாணி அளவு குமிழி. அவசரம் என்றார்கள் என்பதற்காக அப்படியே டெஸ்ட் ஓட்டினேன், ஹைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லை என்று வந்தது. அது ஆயிலில் அதிகம் கரையாது, குமிழி கிடைத்தால் முதலில் அதற்குள்தான் போகும். அந்த ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருக்கிறது.

அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். கீழ் வால்வில் ஒன்றிரண்டு லிட்டர் வடித்துவிட்டுப் பிடியுங்கள், குழாயில் தேங்கியது டிரான்ஸ்பார்மரின் ஆயில் அல்ல. அதே ஆயிலில் சிரிஞ்சை இரண்டு முறை அலசுங்கள். குமிழி வந்தால் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். கண்ணாடி சிரிஞ்சாக இருக்கட்டும், வெளிச்சம் படாமல் மூடி அனுப்புங்கள். மழையில் எடுக்கவே வேண்டாம். பிடிவி பாட்டிலைக் காட்டன் வேஸ்ட்டால் துடைக்காதீர்கள், 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு நூல் இழை போதும், நல்ல ஆயிலும் 25 கேவியில் போய்விடும். லேபிளில் தேதியோடு ஆயில் வெப்பநிலை, லோடு, கடைசியாக ஃபில்டர் போட்ட நாள் மூன்றையும் எழுதுங்கள். ஃபில்டர் தேதி இல்லாமல் எத்திலீன் 4 என்று வந்தால் எங்களால் "நார்மல்" என்றுதான் எழுத முடியும்.

மின்னல்110:
ஃபோர்மேன் அண்ணா சொன்னது சரி, ஒரு மாதத்தில் எடுத்திருக்க வேண்டும். லேப் சார், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய ஃபைல் நகலை எடுத்துப் பார்த்தேன். அந்த 4 வந்த சாம்பிளின் லேபிளை நிரப்பியது நான்தான். ஃபில்டர் தேதிக்கான கட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.