விண்ணப்பத்தில் ‘குழந்தைகள்: 0’ என்று போட்டேன்

பி.எட். முடித்த கையோடு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இன்டர்நேஷனல் ஸ்கூல் வேலைக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று போன வாரம் ஒரு தங்கை கேட்டிருந்தார். நான் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் தென்காசி பக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முடித்து, கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள் என்று பத்து வருடம் ஓடிவிட்டது. பிறகுதான் நானும் கணவரும் சேர்ந்து பி.எட். படித்தோம். அவருக்குக் கணிதம். பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடு எடுத்துப் படித்தோம். 2022-ல் முடித்தபோது எனக்கு 34 வயது, பெரியவளுக்கு 6, சின்னவளுக்கு 3. கையில் இருந்த அனுபவம் என்று பார்த்தால் பி.எட். இன்டர்ன்ஷிப் வாரங்களும் டியூஷன் எடுத்ததும்தான்.

முதலில் வேலை தேடித் தரும் பெரிய ஏஜென்சிகளைப் பார்த்தோம். சர்ச் அசோசியேட்ஸ் மாதிரி இடங்களில் பொதுவாக இரண்டு வருட முழுநேர அனுபவம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். சரி, டெஸ் என்ற ஆசிரியர் வேலைத் தளத்தில் வரும் விளம்பரங்களுக்கும் பள்ளிகளின் சொந்த இணையப் பக்கங்களுக்கும் நேரடியாகப் போடலாம் என்று உட்கார்ந்தேன். எல்லா விண்ணப்பத்திலும் ஒரு கட்டம் வரும்: டிபெண்டன்ட்ஸ், அதாவது கூட வரும் பிள்ளைகள், எத்தனை பேர்? முதல் ஏழெட்டுப் பள்ளிகளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன், இரண்டு என்று. ஒரு பதிலும் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று அடுத்து துபாய் பள்ளி ஒன்றுக்கு 0 என்று போட்டேன். மூன்றே நாளில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள்.

நவம்பர் மாதம், காலை பதினோரு மணி. படுக்கையறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, இஸ்திரிப் பலகை மேல் லேப்டாப்பை வைத்து, பின்னால் தெரிந்த பீரோவைப் புடவையால் மூடி, ஜூமில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் பிரிட்டிஷ் ஹெட்மாஸ்டர், கூட சயின்ஸ் துறைத் தலைவர். அமிலம், காரம் பற்றி எட்டாம் வகுப்புக்கு எப்படித் தொடங்குவீர்கள் என்று கேட்டார்கள். செம்பருத்திப் பூவை வெந்நீரில் போட்டு எடுத்த சாற்றில் எலுமிச்சையும் சோப்புத் தண்ணீரும் விட்டுக் காட்டுவேன் என்றேன். துறைத் தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டுகிறாள் சின்னவள். “அம்மா, கக்கா வந்துடுச்சு.” நான் கேட்காத மாதிரி பேசிக்கொண்டே போனேன். அவள் விடவில்லை. ஊருக்கே கேட்கிற குரலில், “அம்மா, வந்தே போச்சு!”

அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ‘அம்மா’ புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், “குழந்தைக்கு என்ன வயது?” என்றார். மூன்று என்றேன். எதிரில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மரியாதையாக முடித்துவைத்தார்கள். நான்கு நாள் கழித்து வழக்கமான மறுப்புக் கடிதம்.

எனக்கு அப்போது கோபம். குழந்தை இருப்பது குற்றமா என்று. இப்போது ஒரு பள்ளிக்குள் இருந்து பார்க்கும்போது கணக்குப் புரிகிறது. ஆசிரியர் ஒருவரை எடுத்தால் அவர் பிள்ளைகளுக்குச் சீட், விசா, மெடிக்கல் இன்ஷூரன்ஸ், வருடத்துக்கு ஒரு விமான டிக்கெட் என்று எல்லாம் கூடவே வரும். பல பள்ளிகள் இரண்டு பிள்ளைகள் வரை இலவசம் என்று வைத்திருக்கின்றன, சிலவற்றில் ஒன்றுதான், சிலவற்றில் பாதிக் கட்டணம். அதனால் உங்கள் சான்றிதழைப் படிப்பதற்கு முன்னால் உங்கள் பிள்ளைகளை எண்ணுகிறார்கள். கணவன் மனைவி இரண்டு பேருக்குமே அங்கே வேலை இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும்: ஒரு வீடு, இரண்டு ஆசிரியர்கள். ‘டீச்சிங் கப்பிள்’ என்று தேடிப் பிடிப்பார்கள். ஆனால் வேதியியலும் கணிதமும் ஒரே நேரத்தில் ஒரே பள்ளியில் காலியாக வேண்டுமே! அது எங்களுக்கு அமையவில்லை. பொய் சொன்னதைப் பற்றி: அவர்கள் நிராகரித்தது குழந்தைக்காகவா, அந்தப் பூஜ்யத்துக்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி அத்தனை கேள்வி கேட்கும் இடத்தில் பொய் சொன்னவரை நம்பமாட்டார்கள், அதனால் பூஜ்யத்துக்காகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

அடுத்து ஷார்ஜாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்று. மாதம் 3,800 திர்ஹாம், வீடு கிடையாது. நான் சந்தோஷத்தில் மிதந்தேன். கணவர்தான் விதியைத் தேடிப் படித்தார். அமீரகத்தில் குடும்பத்துக்கு ஸ்பான்சர் செய்ய 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000-உம் வீடும். இருநூறு திர்ஹாம் குறைவு. நான் மட்டும் போகலாம், பிள்ளைகள் வர முடியாது. அந்த ஆஃபர் லெட்டரை இன்னும் வைத்திருக்கிறேன்.

இவர் நேரில் போய்ப் பள்ளி பள்ளியாக சிவி கொடுக்கலாம் என்று விசிட் விசாவுக்குத் தயாரான வாரத்தில் இன்னொரு செய்தி. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்று 2022 நவம்பர் 21 முதல் அமீரகம் விதி போட்டது. இனிஷியல் வைத்து வாழ்கிற நம் ஆட்களில் எத்தனை பேருக்குச் சர்நேம் கட்டத்தில் ஏதாவது இருக்கிறது? எங்கள் நான்கு பாஸ்போர்ட்டிலும் காலி. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் இவர் எடுத்த லீவு முடிந்துவிட்டது.

புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு மட்டும் வருகிற தலைவலி ஒன்று உண்டு. நம்மிடம் இருப்பது புரொவிஷனல், அதாவது தற்காலிகச் சான்றிதழ். அட்டெஸ்டேஷனுக்கு, அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வாங்குவதற்கு, பட்டச் சான்றிதழே வேண்டும், அதாவது கான்வொகேஷன் முடிய வேண்டும். அது வந்த பிறகு பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மைச் சான்று, சென்னையில் தலைமைச் செயலகம், அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அமீரகத் தூதரகம். அங்கே இறங்கியதும் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. திருமணச் சான்றிதழுக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே ஊர்வலம்தான். எங்கள் சின்னவளின் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருந்த இடத்தில் வெறும் கோடு! ஆஸ்பத்திரியில் பதிந்தபோது பெயர் வைக்கவில்லை, பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. உங்கள் வீட்டுச் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கடைசியில் வேலை கிடைத்தது அமீரகத்திலேயே ராஸ் அல் கைமாவில், பிரிட்டிஷ் பாடத்திட்டம், 2023 ஆகஸ்ட். இந்த முறை கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே எழுதிவிட்டேன்: எனக்கு 7 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பெண்கள், இருவருக்கும் உங்கள் பள்ளியிலேயே இடம் வேண்டும், என் கணவர் கணித ஆசிரியர். பதில் போட்ட பள்ளிகள் மிகக் குறைவு. ஆனால் பதில் போட்டவர்கள் எல்லாம் தெரிந்துதான் போட்டார்கள்.

*

மஸ்கட்டிலிருந்து எழுதுகிறேன். அக்கா எழுதியதில் அட்டெஸ்டேஷன் பகுதியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாட்டுக்கு நாடு இது மாறும். அப்போஸ்டில் ஒப்பந்தம், அதாவது ஒரே முத்திரையை உறுப்பு நாடுகள் எல்லாம் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு, ஓமனில் 2012-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது, அதனால் எனக்குத் தூதரகப் படி ஏறும் வேலை இல்லை. அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லாததால்தான் அவ்வளவு முத்திரை.

நான் முதல் வருடம் தனியாக வந்தேன். மனைவியும் மகனும் நாகர்கோவிலில். சம்பாதித்து நிலைத்த பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். பையன் யூகேஜியில் பேசக் கற்ற இங்கிலீஷை எல்லாம் வீடியோ காலில்தான் கேட்டேன். இன்னொரு விஷயம், வளைகுடாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும், பிரிட்டிஷ், அமெரிக்கப் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில். நமக்கு ஊரில் ஜூன். எந்தப் பள்ளிக்கு எந்த மாதம் விண்ணப்பம் போடுவது என்பதே முதல் ஆறு மாதம் எனக்குப் புரியவில்லை. ஏப்ரல் பள்ளிகள் ஜனவரியில் ஆள் தேடும். ஆகஸ்ட் பள்ளிகள் அதற்கு முந்தின நவம்பரிலேயே தொடங்கிவிடும்.

*

வெளிநாடு போகாத ஒருத்தியும் சொல்லலாமா? நான் நம்ம மலையில்தான் இருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கிப் படிக்கும் இன்டர்நேஷனல் ஸ்கூல். என் கணவர் ஆசிரியர் இல்லை, சேலத்தில் கடை. சனிக்கிழமை மேலே வருவார்.

பி.எட். முடித்த வருடமே இங்கே எடுத்தார்கள். காரணம் என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பனிக்காலத்தில் மலையில் தங்க ஆள் கிடைப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வளாகத்துக்குள்ளேயே குவார்ட்டர்ஸ், மெஸ்ஸில் சாப்பாடு, இரண்டு பிள்ளைகளுக்கும் ஃபீஸ் இல்லை. கீழே அந்தப் படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். சம்பளம் மட்டும் பார்த்தால் சிரிப்பீர்கள்.

சும்மா ஒன்றும் கொடுக்கவில்லை. சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது வரை ஹாஸ்டல் பிள்ளைகளின் ஸ்டடி அவர் நான்தான் பார்க்க வேண்டும், வாரத்துக்கு மூன்று நாள். யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் என் பையன் ஸ்வெட்டரோடு தூங்கியிருப்பான். மகள் என் வகுப்பிலேயே படிக்கிறாள். பள்ளியில் ‘மேம்’ என்று கூப்பிடச் சொல்லியிருந்தேன். ஒரு நாள் காய்ச்சலில் படுத்துக்கொண்டு, “மேம், தண்ணி” என்றாள். அன்று நான் அழுதேன்.

ஆனால் ஐ.ஜி.சி.எஸ்.ஈ. (பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் நம்ம பத்தாம் வகுப்பு மாதிரி) வகுப்பு எடுத்து இப்போது மூன்று வருடம் ஆகிறது. அந்த ‘இரண்டு வருட அனுபவம்’ என்ற கதவு எனக்குத் திறந்துவிட்டது. போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

*

ஒரே ஒரு எச்சரிக்கை. எனக்குக் குவைத்தில் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று சென்னையில் ஒருவர் ஆஃபர் லெட்டர் கொடுத்தார். லோகோ, சீல், பிரின்சிபல் கையெழுத்து எல்லாம் பக்கா. பிள்ளைகளுக்கு ஃபீஸ் இல்லை, மூன்று படுக்கையறை வீடு. 85,000 ரூபாய் கேட்டார். என் அண்ணன் இரண்டு விஷயம் பார்த்தான். ஒன்று, கடிதம் வந்த மெயில் முகவரி ஜிமெயில். இரண்டு, வெளிநாட்டு வேலைக்கான இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவான ஏஜென்ட்கள் பட்டியலில் அந்த ஆள் இல்லை. பதிவான ஏஜென்ட்கூட 30,000 ரூபாய்க்கும் ஜி.எஸ்.டி.க்கும் மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். இன்டர்வியூவே இல்லாமல், டெமோ கிளாஸ் கேட்காமல் ஒரு பள்ளி மூன்று படுக்கையறை வீடு தருகிறது என்றால் நமக்கே தோன்றியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

*

மறுபடியும் நான்தான், ராஸ் அல் கைமா. சம்பளம் என்ன, எப்படிப் பிரித்தார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

சேர்ந்தபோது 5,500 திர்ஹாம். அதில் பேசிக் 2,500 மட்டும்தான், மீதி எல்லாம் அலவன்ஸ். கையெழுத்துப் போடும்போது நான் மொத்தத்தை மட்டும் பார்த்தேன். வேலையை விட்டுப் போகும்போது தருகிற கிராச்சுவிட்டி, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக். 2,500-க்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 1,750. 5,500 முழுக்கப் பேசிக் என்றிருந்தால் 3,850 வந்திருக்கும். நீங்கள் கேளுங்கள், கேட்டால் கொஞ்சம் ஏற்றுவார்கள். பெரியவளுக்கு இலவசம், சின்னவளுக்குப் பாதிக் கட்டணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினேன். “வாங்க, பார்த்துக்கலாம்” என்று போனில் சொன்னதை நம்பி வந்த ஒரு தோழி இப்போது முழுக் கட்டணம் கட்டுகிறாள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே வேதியியலை அடுத்த அறையில் நடத்துகிறவருக்கு என்னைவிட நிறையச் சம்பளம். அவருடைய பாஸ்போர்ட் வேறு நாட்டுடையது. இது எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது, பழகிவிட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன்.

கணவருக்கு ஜனவரியில் வேலை கிடைத்தது. நடு வருடத்தில் ஒருவர் போய்விட, அடுத்த திங்கட்கிழமையே வரச் சொன்னார்கள். ஏற்கனவே இங்கே விசாவோடு இருக்கிற ஆள் என்பதால்தான். சும்மா ஐந்து மாதம் சமைத்துக்கொண்டிருந்தவர், அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடிப்போய் டை வாங்கினார்.

பெரியவளை இயர் 3-ல் போட்டார்கள். பிரிட்டிஷ் கணக்கில் எண் ஒன்று கூடுதலாக வரும், நம்ம இரண்டாம் வகுப்புதான் அது. ஊரில் எல்லாரிடமும் என் மாமியார் ‘டபுள் புரமோஷன்’ என்று சொல்லிவிட்டார், இன்னும் திருத்தவில்லை. அவளுடைய டி.சி.யை அட்டெஸ்ட் செய்யாமல் கிளம்பி வந்துவிட்டேன். செப்டம்பர் மாதம் பள்ளி அலுவலகத்தில் நின்று முழித்தபோது, அப்பாதான் தென்காசியிலிருந்து பஸ் ஏறிக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு தடவை, சென்னைக்கு இரண்டு தடவை அலைந்து அனுப்பிவைத்தார். அந்த டிக்கெட் காசை இன்னும் அவருக்குக் கொடுக்கவில்லை.