யஷ் பால் எங்கள் வீட்டுக்கு வந்த காலை

டிவியில் எளிமையாக அறிவியல் பேசிய இயற்பியலாளர் யஷ் பாலை நேரில் பார்த்தவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனாலும் அவரைச் சந்தித்த நாள் என்று ஒன்று எனக்கும் உண்டு. 1995 அக்டோபர் 24, முழு சூரிய கிரகணம்.

தீபாவளிப் பலகாரம்கூடத் தீரவில்லை. பாட்டி விடியுமுன்பே தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பை போட்டுவிட்டு ஜன்னல்களைச் சாத்திவிட்டாள். எட்டாம் வகுப்பு படித்த நான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். தூர்தர்ஷனில் நேரடி ஒளிபரப்பு. ராஜஸ்தானிலிருந்து வங்காளத்து டயமண்ட் ஹார்பர் வரை நிலவின் நிழல் ஓடப்போகிறது. நரைத்த தலையோடு யஷ் பால் பேசிக்கொண்டிருந்தார். இந்தி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இடையிடையே ஆங்கிலம் வந்தால் அப்பா சொல்லுவார். ஆனால் அந்த முகத்தில் இருந்த பூரிப்பு மொழிபெயர்க்காமலே புரிந்தது. அறுபத்தெட்டு வயதுப் பேராசிரியர், தேர் பார்க்க வந்த சிறுவனைப் போல இருந்தார்.

இதே தூர்தர்ஷன் 1980 பிப்ரவரி கிரகணத்தன்று, மக்கள் தெருவுக்கு வராமல் இருக்கட்டும் என்று சினிமாப் படம் போட்டது. பதினைந்து ஆண்டில் எவ்வளவு தூரம்!

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொல்லைக் கதவைத் திறந்து ஓடினேன். கிணற்றடி வேப்பமரத்து நிழலில், சிமெண்டுத் தரை முழுக்கக் குட்டிக் குட்டிப் பிறைகள்! வழக்கமாக வட்ட வட்டமாக விழும் வெயில் அன்றைக்குப் பிறையாக விழுந்திருந்தது. இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகிக் கடிபட்ட சூரியனைத் தரையில் வரைந்திருக்கிறது. திட்டுவாள் என்று நினைத்த பாட்டி, நிலைப்படியில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். "தினமும் விழற வட்டம்கூடச் சூரியன்தானாடா?" என்று கேட்டாள். ஆமாம், தினமும் விழுவதும் சூரியனின் படம்தான். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

பிறகுதான் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1926இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஜங் என்ற ஊரில் பிறந்தவர். பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பற்றிய ஆய்வு, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம். 1973இல் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் முதல் இயக்குநர். அங்கே செய்த வேலைதான் எனக்கு மிகப் பிடித்தது. 1975-76இல் நாசாவின் செயற்கைக்கோளை ஓராண்டு வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டிவி காட்டினார்கள். கோழிக்கூண்டு அடிக்கும் கம்பிவலையில் பத்தடி ஆண்டெனா! வானத்தின் கதிரை ஆராய்ந்தவர் அந்த வானத்தையே கிராமத்துக்குப் பாதையாக்கினார் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. ஏனைய பதவிகளையும் விருதுகளையும் விட்டுவிடுகிறேன்.

தூர்தர்ஷனின் 'டர்னிங் பாயிண்ட்' அறிவியல் நிகழ்ச்சியில் பார்வையாளர்களின் கேள்விக்குப் பதில் சொல்வாரே, அதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எந்தக் கேள்வியையும் சின்னதாக நினைக்க மாட்டார்.

பள்ளிப் பையின் சுமை பற்றி எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் மாநிலங்களவையில் பேசியதை ஒட்டி அமைந்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். 1993இல் வந்த அந்த அறிக்கையை நான் ஆசிரியர் ஆன பிறகே படித்தேன். பையின் எடையைவிடப் புரியாமல் படிப்பதுதான் பெரிய பாரம் என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்கு வகுப்பில் நான் போட்டுக்கொண்டிருந்த நோட்ஸை எண்ணிக் கூசினேன்.

2017 ஜூலையில் அவர் மறைந்த செய்தி வந்த மறுநாள், எட்டாம் வகுப்பில் அவரைப் பற்றிச் சொன்னேன். கேள்வி கேட்கச் சொன்னேன். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்தாள். "சார், பால் பொங்குது, தண்ணி கொதிச்சா ஏன் பொங்க மாட்டேங்குது?"

மறுநாள் கெரோசின் ஸ்டவ்வும் அரை லிட்டர் பாலும் வாங்கிக்கொண்டு போனேன். பால் மேல் படிகிற ஏட்டைக் கரண்டியால் விலக்க விலக்க, பொங்க வந்த பால் அடங்கி அடங்கி இறங்கியதை நாற்பது பேரும் மேசையைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.