ஆர்வி-யில் ஊர் ஊராகப் போகும்போது லோக்கல் சேனலும் சாட்டிலைட் டிவியும்: எது சரிப்படும்?

நெடும்பயணி:

28 அடி கிளாஸ் சி மோட்டார்ஹோம் (வீடாகவே பயன்படும் ஆர்வி வண்டி). கூரையில் கையால் சுற்றித் தூக்கும் பேட்விங் ஆன்டெனா (வைன்கார்டு சென்சார்). டிவிக்குப் பக்கத்துச் சுவரில் பச்சை விளக்கோடு ஒரு பூஸ்டர் ஸ்விட்ச். வெளிப்புறப் பெட்டியில் ‘கேபிள்’, ‘சாட்’ என்று இரண்டு இணைப்புகள். ஜூனில் டல்லாஸிலிருந்து கிளம்பி டென்னசியில் கேட்லின்பர்க், அங்கிருந்து மெய்னில் அகேடியா. மொத்தம் மூன்று மாதம்.

தமிழ் சேனல்கள் ஆப்பில் வந்துவிடும், அதைப் பற்றிக் கேட்கவில்லை. போன் சிக்னலே இல்லாத இடத்திலும் அந்தந்த ஊரின் செய்தி, புயல் எச்சரிக்கை வேண்டும். கூடவே ஸ்போர்ட்ஸ் சேனல்கள்.

டிஷ் நெட்வொர்க் (சாட்டிலைட் டிவி நிறுவனம்) போட்டால் போகிற ஊரிலெல்லாம் லோக்கல் வருமா? டோம் (சாட்டிலைட்டைத் தானே தேடும் மூடிய டிஷ்) வாங்குவதா, தரையில் டிஷ்ஷை நிறுத்தும் டிரைபாட் போதுமா? இப்போதைக்கு பேட்விங்கில் ஸ்கேன் செய்தால் டல்லாஸிலேயே இரண்டு மூன்று சேனலுக்கு மேல் வரவில்லை. ஆன்டெனாவை மாற்ற வேண்டுமா?

கூரைமேல்:

முதல் கேள்விக்கு மட்டும் நான். சாட்டிலைட்டில் ஈஎஸ்பிஎன் மாதிரி தேசிய சேனல்கள் நாடு முழுக்க ஒரே பீமில் (சாட்டிலைட் கீழே பாய்ச்சும் அலைக்கற்றையில்) இறங்கும். எங்கே நிறுத்தினாலும் வரும். லோக்கல் சேனல்கள் அப்படி இல்லை. அவை ‘ஸ்பாட் பீம்’ எனப்படும் குறுகிய பீமில், அந்த ஊரைச் சுற்றிச் சில நூறு மைலுக்கு மட்டும் விழும். டல்லாஸ் லோக்கல் கேட்லின்பர்க்கில் மறைந்தால் ஆன்டெனாவில் கோளாறு தேடாதீர்கள். பீமின் எல்லை தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

பீம் விழுந்தாலும் சட்டம் ஒன்று நடுவே நிற்கிறது. அமெரிக்காவை 210 டிவி சந்தைகளாகப் பிரித்திருக்கிறார்கள் (டிஎம்ஏ என்பார்கள்). உங்கள் சர்வீஸ் அட்ரஸ் (டிவி பார்க்கும் இடமாகப் பதிந்த விலாசம்) எந்தச் சந்தையில் இருக்கிறதோ அந்த லோக்கல்தான் உங்களுக்குத் திறக்கும். ஆகவே புது ஊரில் ஒரு வாரமாவது தங்குவதாக இருந்தால் கஸ்டமர் சர்வீஸைக் கூப்பிட்டு கேம்ப்கிரவுண்டின் விலாசத்தையும் ஜிப் கோடையும் கொடுத்து சர்வீஸ் அட்ரஸை மாற்றச் சொல்லுங்கள். பில்லிங் அட்ரஸைத் தொட வேண்டாம் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கூப்பிடும்போது ரிசீவர் (டிவியோடு இணைக்கும் சாட்டிலைட் பெட்டி) ஓடிக்கொண்டும் சாட்டிலைட்டைப் பிடித்துக்கொண்டும் இருக்க வேண்டும். அங்கீகாரமும் அதே சாட்டிலைட் வழியாகத்தான் வருகிறது, அணைத்து வைத்த பெட்டிக்கு அது போய்ச் சேராது. கேட்லின்பர்க் நாக்ஸ்வில் சந்தையில் வரும், அகேடியா பக்கத்து பார் ஹார்பர் பேங்கர் சந்தையில்.

இரண்டு நாளுக்கு ஒரு ஊர் என்று போகிறவர்களுக்கு இது அலுத்துவிடும். அவர்களுக்கென்றே சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. 2019 டிசம்பரில் வந்த சட்டத்திலும் ஆர்வி, சரக்கு லாரி இரண்டுக்கும் அதை விட்டுவைத்தார்கள்: தொலைதூர நெட்வொர்க் சேனல்கள், வழக்கமாக நியூயார்க் அல்லது லாஸ் ஏஞ்சலஸ் நிலையங்கள். அதற்கு வண்டியின் நடப்பு ரெஜிஸ்ட்ரேஷன் நகலும், டிஷ் வண்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, வீட்டில் பயன்படுத்த மாட்டேன் என்ற கையெழுத்திட்ட உறுதிமொழியும் கேட்பார்கள். 210 சந்தைகளுக்கும் லோக்கல் கொடுக்கும் நிறுவனத்துக்குத்தான் இந்த அனுமதி. ‘நிரந்தரமாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள், தரையில் வைக்கும் டிரைபாட் இதில் சேராது. தவிர, நியூயார்க் செய்தியை வைத்துக்கொண்டு டென்னசி புயலுக்கு என்ன செய்வது?

லோக்கலுக்குக் கூரை ஆன்டெனா, மற்றதற்கு சாட்டிலைட். இதுதான் என் கணக்கு. காசும் மிச்சம்.

ரசமட்டம்:

ஆன்டெனாவ மாத்தாதீங்க சார். டல்லாஸ்ல நின்னுக்கிட்டு ரெண்டு மூணு சேனல்தான் வருதுன்னா பேட்விங்க்கு பவர் போகலைன்னு அர்த்தம்.

இந்த ஆன்டெனாவோட ஆம்ப்ளிஃபையர் சுவத்துல இல்ல, மேல தலையிலயே இருக்கு. சுவர் ஸ்விட்ச் செய்யறது கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) வழியா 12 வோல்ட் மேல அனுப்புறது. பவர் போகலைன்னா தலை கிட்டத்தட்ட ஊமை. டவருக்குப் பக்கத்துல இருந்தா மட்டும் ஏதோ ஒண்ணு ரெண்டு கசியும்.

மல்டிமீட்டர் எடுத்துக்குங்க. ஸ்விட்ச் ஆன், பச்சை எரியணும். சுவர்த் தட்டுக்குப் பின்னாடி, ஆன்டெனாவுக்குப் போற கனெக்டர்ல நடுப்பின்னுக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவுல அளங்க. பேட்டரி வோல்டேஜ், அதாவது 12-லேர்ந்து 13.5 வரைக்கும் வரணும். டிவிக்குப் போற பக்கம் பூஜ்யம் வரணும். அப்புறம் கூரையேறி, ஆன்டெனா தலைல கேபிளைக் கழட்டி அந்தக் கேபிள் முனையில அளங்க. கீழ இருக்கிற அதே அளவு அங்கயும் வரணும். அளக்கும்போது நடுக்கம்பியையும் வெளி உலோகத்தையும் முட்ட விட்டுடாதீங்க, ஷார்ட் ஆகும்.

ஸ்கேன்ல ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, டிவி மெனுல ‘ஏர்’ இல்ல ‘ஆன்டெனா’ன்னு இருக்கணும். கேம்ப்கிரவுண்ட் கேபிள் பாத்துட்டு ‘கேபிள்’லயே விட்டிருப்பாங்க. ரெண்டு, பார்க் கேபிள் (கேம்ப்கிரவுண்ட் தர்ற கேபிள்) பாக்கறப்ப பூஸ்டர் ஆஃப், ஆன்டெனா பாக்கறப்ப ஆன். ஆன்ல இருந்தா பார்க் கேபிள் டிவிக்கு வராது.

ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி திசை. ராபிட்இயர்ஸ் தளத்துலயோ எஃப்சிசி-யோட (அமெரிக்க ஒலிபரப்பு ஆணையம்) டிவி மேப்லயோ ஜிப் கோடு போட்டா ஒவ்வொரு டவரும் எத்தனை டிகிரியில, எத்தனை மைல்ல இருக்குன்னு வரும். பேட்விங் ஒரு பக்கம் பாத்து வாங்குற ஆன்டெனா. தூக்கித் திருப்பி, அப்புறம் ஸ்கேன். மறுபடி ஸ்கேன் பண்ணும்போது நிறைய டிவி பழைய லிஸ்டை அழிச்சிட்டுத்தான் புதுசு தேடும், அதனால டவர் அதிகமா இருக்கிற திசையில நிறுத்திக்கிட்டு ஒரே தடவை ஸ்கேன் பண்றது நல்லது.

அதே பக்கத்துல ‘ஆர்எஃப்’ சேனல் நம்பரையும் பாருங்க. திரையில தெரியற நம்பர் வேற, காத்துல வர்ற நம்பர் வேற. டல்லாஸ்ல கேடிஎஃப்டபிள்யூ திரையில 4, நிஜத்துல 35, அதாவது யுஎச்எஃப் (உயர் அலைவரிசை). டபிள்யூஎஃப்ஏஏ திரையிலயும் 8, நிஜத்துலயும் 8, அதாவது விஎச்எஃப் (தாழ்ந்த அலைவரிசை). யுஎச்எஃப் எல்லாம் வந்து இது மட்டும் உடைஞ்சு உடைஞ்சு வந்தா ஆன்டெனாவத் திட்டாதீங்க. வண்டிக்குள்ள மலிவான எல்இடி பல்பு, 12 வோல்ட் யுஎஸ்பி சார்ஜர், கன்வர்ட்டர் இதெல்லாம் விஎச்எஃப்-ல இரைச்சல் கொட்டும். ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க, எது திருடன்னு தெரிஞ்சுடும்.

கிளம்பறதுக்கு முன்னாடி உள்கூரைத் தட்டுல இருக்கிற ரெண்டு அம்புக்குறியும் நேருக்கு நேர் வந்தப்புறம்தான் இறக்கணும். கோணலா இறக்கினா ஏசி கூட்டுல மோதும். தூக்கினபடியே ஓட்டிட்டுப் போறது அதைவிட மோசம். ஸ்டியரிங்ல ஒரு சிவப்புத் துணி கட்டி வச்சுக்குங்க.

நெடும்பயணி:

அளந்தேன். சுவரில் 12.7 வோல்ட். மேலே தலையில் 0. டிவி மெனு ‘ஆன்டெனா’வில்தான் இருக்கிறது. நடுவில் ஏதாவது இருக்குமா?

ரசமட்டம்:

இருக்கும். படுக்கையறைக்கு ரெண்டாவது டிவி கொடுக்கிறேன்னு யாராவது ஸ்விட்ச்சுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல ஸ்ப்ளிட்டர் போட்டிருப்பாங்க. சாதா ஸ்ப்ளிட்டர் டிசி-யை (அந்த 12 வோல்ட் கரன்ட்டை) விடாது. கழட்டிட்டு நேரா இணைங்க. ரெண்டு டிவி வேணும்னா ஸ்ப்ளிட்டர் ஸ்விட்ச்சுக்கு அப்புறம், டிவி பக்கம். அங்க ரெண்டா பிரிச்சா சிக்னல்ல 3.5 டெசிபல் போகும், பூஸ்டர் இருக்கறதால தாங்கும்.

ஸ்ப்ளிட்டர் இல்லைன்னா கூரைல கேபிள் நுழையற இடம். பேட்விங் ஏறி இறங்கி மடங்குற வளைவுல நடுக்கம்பி உள்ளயே முறிஞ்சிருக்கும், வெளில பாத்தாத் தெரியாது. தண்ணி இறங்கின எஃப்-கனெக்டர்ல பச்சை பூத்திருக்கும். ஆர்ஜி-6 கேபிள், கம்ப்ரஷன் கனெக்டர் போட்டு மாத்துங்க. முறுக்கிப் போடுற கனெக்டர் வண்டி குலுங்கறதுல கழண்டுரும். கூரை ரப்பரா இருந்தா ஓட்டையை மூட சிலிக்கோன் வேண்டாம், ஆர்வி கூரைக்குன்னே விக்கிற லாப் சீலன்ட்.

தென்மேற்கு240:

டோமா டிரைபாடா என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யாதீர்கள், மரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கணக்கு இதோ.

டிஷ் நெட்வொர்க்குக்கு இரண்டு சாட்டிலைட் கூட்டங்கள். மேற்கு வில் 110, 119, 129 டிகிரி (இவை மேற்குத் தீர்க்கரேகை, அதுவே சாட்டிலைட்டின் பெயரும்). கிழக்கு வில் 61.5, 72.7, 77. டல்லாஸில் 119 தரையிலிருந்து 45 டிகிரி உயரத்தில் நிற்கிறது, வசதி. கேட்லின்பர்க்கில் 34. அகேடியாவில் வெறும் 18 அல்லது 19. 129-ஓ 12 டிகிரிக்கு இறங்கிவிடும். 40 அடி மரம் ஒன்று 119-ஐ மறைக்காமல் இருக்க அது அகேடியாவில் கிட்டத்தட்ட 120 அடி தள்ளி நிற்க வேண்டும். கேம்ப்சைட்டில் அப்படி வெட்டவெளி எங்கே கிடைக்கும்? அதே இடத்தில் கிழக்கு வில்லின் மூன்றும் 38 டிகிரி வாக்கில், ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கின்றன. 50 அடி இடைவெளி போதும். ஆகவே உங்கள் பாதைக்கு இரண்டு வில்லையும் தேடத் தெரிந்த டோம் வாங்குங்கள். மேற்கை மட்டும் தேடும் டோம் டல்லாஸில் கொஞ்சும், மெய்னில் கைவிரிக்கும்.

டோமின் குறைகள்: ஒரே நேரத்தில் ஒரு சாட்டிலைட்டைத்தான் பார்க்கும். சேனல் மாற்றினால் உள்ளே மோட்டார் திரும்பும், சற்றுக் காத்திருக்க வேண்டும். இரண்டாவது ரிசீவர் போட்டால் முதலாவது பார்க்கும் சாட்டிலைட்டிலுள்ள சேனல்கள்தான் அதற்கும். பல டோம்கள் ரிசீவரிடமிருந்தே கோஆக்ஸ் வழியாக மின்சாரம் வாங்குகின்றன. அதனால் ‘சாட்’ இணைப்பிலிருந்து ரிசீவர் வரை நடுவில் ஸ்ப்ளிட்டரோ பூஸ்டர் தட்டோ இருக்கக் கூடாது. விடிகாலைப் பனி கூட்டின்மேல் படலமாகப் படிந்தாலே சிக்னல் விழும், துணியால் துடைத்தால் திரும்பும்.

டைரக்டிவி (இன்னொரு சாட்டிலைட் டிவி நிறுவனம்) பக்கம் போவதானால் ஒன்று. அதன் எச்டி சேனல்கள் 99, 103 டிகிரியிலிருந்து கேஏ பேண்டில் (ஒரு அலைவரிசைத் தொகுதி) வருகின்றன. சாதாரண டோம்கள் வேறொரு தொகுதியான கேயு பேண்டில் 101-ஐ மட்டுமே பிடிக்கும். எச்டி வேண்டுமென்றால் பெரிய ஸ்லிம்லைன் டிஷ் வேண்டும், அதை டிரைபாடில் நிறுத்தலாம்.

டிரைபாட் பழகினால் கஷ்டமில்லை. பலன், வண்டியை நிழலில் விட்டு டிஷ்ஷை மட்டும் வெயிலுக்குக் கொண்டுபோகலாம். வரிசை முக்கியம். முதலில் கம்பம் செங்குத்து: ரசமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள் (மேலே பதில் சொன்ன நண்பரை அல்ல). கம்பம் சாய்ந்திருந்தால் எலிவேஷன் (உயரக் கோணம்) அளவுகோல் காட்டுவதெல்லாம் பொய். அடுத்து ரிசீவர் மெனுவில் டிஷ் அமைப்புத் திரையில் ஜிப் கோடு போட்டால் அசிமுத் (திசை), எலிவேஷன், ஸ்க்யூ (டிஷ்ஷின் பக்கவாட்டுச் சாய்வு) மூன்றும் வரும். எலிவேஷனையும் ஸ்க்யூவையும் முதலில் பூட்டிவிட்டு, அசிமுத்தை மட்டும் திருப்புங்கள். ஒரு தடவைக்கு ஒரு டிகிரி, பிறகு நாலு நொடி நிறுத்தம். ரிசீவருக்குப் படிக்க நேரம் வேண்டும், வேகமாகத் திருப்புகிறவர்கள் சாட்டிலைட்டைத் தாண்டிப் போய்விட்டு அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

திசைகாட்டியை வண்டியிலிருந்து பத்தடி தள்ளி வைத்துப் படியுங்கள், இரும்பு இழுக்கும். காந்த வடக்கு உண்மை வடக்கு அல்ல. அகேடியாவில் அது சுமார் 15 டிகிரி மேற்கே விலகியிருக்கும். 119-இன் உண்மைத் திசை அங்கே 240 டிகிரி, திசைகாட்டியில் 255 என்று வரும். இந்த 15 டிகிரியை மறந்தால் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

மலிவான ‘பீப்’ மீட்டர் ஏதோ ஒரு சாட்டிலைட் இருக்கிறது என்று மட்டும் கத்தும், எது என்று சொல்லாது. ரிசீவர் திரையில் சாட்டிலைட் எண் பச்சையாகப் பூட்டினால்தான் நம்புங்கள். கடைசியில் கால்களுக்கு மணல் மூட்டையோ தண்ணீர்க் கேனோ கட்டுங்கள்.

கூரைமேல்:

டோம், டிரைபாட் எதுவானாலும் பிளானை மாதத்துக்கு மாதம் போடுகிற வகையில் எடுங்கள். ஆர்வி-காரர்களுக்கென்று டிஷ் நெட்வொர்க்கில் அது உண்டு. செப்டம்பரில் நிறுத்திவிடலாம்.

புயல் எச்சரிக்கைக்கு டிவியை நம்பியிருக்க வேண்டாம். கனமழை மேகம் வந்தால் முதலில் போவது சாட்டிலைட் சிக்னல்தான், தேவைப்படும் அந்த நேரத்தில் பார்த்து. நோவா வெதர் ரேடியோ (அமெரிக்க அரசின் வானிலை ஒலிபரப்பைப் பிடிக்கும் ரேடியோ) ஒன்று பேட்டரியோடு வைத்துக்கொள்ளுங்கள், 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசை. ‘சேம்’ வசதி (குறித்த இடத்துக்கான எச்சரிக்கைக்கு மட்டும் ஒலிப்பது) உள்ளதாக இருந்தால் ஒவ்வொரு ஊரிலும் அந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) ஆறு இலக்க எண்ணை மாற்றிப் போடுங்கள். டிவியானாலும் ரேடியோவானாலும் எச்சரிக்கை கவுண்டி பெயரில்தான் வரும், கேம்ப்கிரவுண்டின் பெயரில் அல்ல. கேட்லின்பர்க் செவியர் கவுண்டி, பார் ஹார்பர் ஹேன்காக் கவுண்டி. ஒரு சீட்டில் எழுதி ரேடியோவிலேயே ஒட்டிவிடுங்கள்.

நெடும்பயணி:

மேல் அலமாரிக்குள் ஒரு ஸ்ப்ளிட்டர் இருந்தது, ஸ்விட்ச்சுக்கு முன்னால். எடுத்துவிட்டேன், மேலே இப்போது 12.6. டவர் திசைக்குத் திருப்பி ஸ்கேன் செய்ததில் சேனல் லிஸ்ட் மூன்று பக்கம் போகிறது. 8 மட்டும் அவ்வப்போது உடைகிறது, எல்இடி-களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கிறேன்.

ரசமட்டம்:

சமையல் மேடை மேல இருக்கிற பல்புலேர்ந்து ஆரம்பிங்க.