சினைக் குதிரையின் வயிற்றைப் பார்த்து ஏமாந்தேன், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

லாயக்காரன்:

போன வருடம் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு மார்வாரிப் பெண் குதிரை வாங்கினேன். நாலு மாதச் சினை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், அது பொய் இல்லை. கார்த்திகையில் வயிறு நன்றாக இறங்கிவிட்டது, வருகிறவர் போகிறவர் எல்லாம் "நல்லாத் தேத்திட்டீங்க" என்றார்கள், எனக்கும் பெருமைதான். சோளத்தட்டு தொட்டி நிறையப் போடுவேன், காலையில் ஒரு சட்டித் தவிடு, வேறு என்ன வேண்டும் என்று இருந்தேன்.

பூச்சி மருந்து கேட்கப் போய், டாக்டரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவர் வயிற்றைப் பார்க்கவே இல்லை. முன்னங்காலுக்குப் பின்னால் விலாவில் விரலை ஓட்டினார், அப்புறம் என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கையை முஷ்டியாக மடக்கி விரல் முட்டி மேல் தடவிப் பாருங்கள், அப்படித்தான் இருந்தது, எலும்பு எலும்பாக. கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டுமாம். முதுகுத்தண்டும் கூரை முகடு மாதிரி நின்றது, நான்தான் பக்கவாட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பின் சதைப்பிடிப்புக்கு 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (ஒரே கொழுப்பு) வரை மார்க் போடுகிற முறை ஒன்று இருக்கிறது, அமெரிக்காவில் 1983-ல் ஹென்னெக்கே என்பவர் கொண்டுவந்தது, அதில் என் குதிரைக்கு 3 போட்டார். வயிறு முழுக்கக் குட்டியும் தட்டும், உடம்பில் ஒன்றுமில்லை.

தொட்டியடியில் பாதி மென்று உருண்டையாகத் துப்பிய தட்டு கிடந்ததை அவர் காட்டிய பிறகுதான் கவனித்தேன். கடைவாய்ப் பல் ஓரம் கத்தி மாதிரி கூராக வளர்ந்து கன்னத்தைக் குத்தியிருக்கிறது. அதை ராவி விட்டார். குட்டியின் எடையில் பாதிக்கு மேல் கடைசி மூன்று நாலு மாதத்தில்தான் ஏறும், அதே சமயம் குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் தாய் ஒரே நேரத்தில் நிறையத் தின்னவும் முடியாது, அதனால் கொஞ்சமாக, சத்தாக, நாலு வேளையாகக் கொடு என்றார்.

நான் என்ன செய்தேன்? அன்று சாயங்காலமே அவித்த கொள்ளு ஒரு குண்டான் நிறைய வைத்தேன். இரவு பதினொரு மணிக்குத் தரையைக் காலால் பறிக்கிறது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. சூலை, அதாவது குதிரைக்கு வருகிற கடும் வயிற்றுவலி. மறுபடி டாக்டர், மறுபடி செலவு, நல்ல திட்டும் வாங்கினேன். அதற்குப் பிறகுதான் ஒழுங்காக, கொள்ளை அரைக் கிலோவில் ஆரம்பித்துப் பத்து நாளில் மெதுவாக ஏற்றினேன், தட்டைப் பாதியாகக் குறைத்துக் காய்ந்த குதிரைமசாலும் கொழுக்கட்டைப்புல்லும் போட்டேன். நெஞ்சுச் சுற்றளவு 165 செ.மீ., உடல் நீளம் 150. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி 11,877-ஆல் வகுத்தால் சுமார் 344 கிலோ. சினையில் இந்தக் கணக்கு துல்லியமாக வராது, ஆனாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே டேப்பால் அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிகிறது. காய்ந்த தீவனமாக ஒரு நாளைக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு, இதற்கு ஏழு கிலோ கணக்கு. மாசியில் குட்டி போடும்போது விலா கைக்குத் தட்டியது, கண்ணுக்குத் தெரியவில்லை.

மட்டக்குதிரை வீடு:

அண்ணா, எங்களுடையது நேர் எதிர்க் கதை. எங்கள் மட்டக்குதிரை உருண்டை. பத்தாவது மாதத்தில் யாரோ "இவ்வளவு கொழுப்பு இருந்தா ஈனும்போது கஷ்டம்" என்று சொல்ல, என் வீட்டுக்காரர் தீவனத்தைச் சட்டென்று பாதியாக வெட்டிவிட்டார். நாலாம் நாள் மீதியையும் தின்னவில்லை, தலையைத் தொங்கப்போட்டு நின்றது. டாக்டர் ரத்தம் எடுத்துக் குழாயைச் சாய்த்து வைத்தார், கொஞ்ச நேரத்தில் மேலே தெளிந்த நீர் பால் மாதிரி வெள்ளையாக நின்றது. உடம்புக் கொழுப்பு முழுக்க ரத்தத்தில் இறங்கியிருக்கிறது, மட்டக்குதிரைக்கும் கழுதைக்கும் இது சீக்கிரம் வரும், உயிரே போகும் என்றார். மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தோம். இளைக்க வைக்க வேண்டுமென்றால் சினைக்கு விடுவதற்கு முன்னாடியே செய்யணுமாம். கடைசி மாதங்களில் ஏற விடாமல் பார்த்துக்கொண்டால் போதும், இறக்கவே கூடாது.

பல்லடத்துக்காரன்:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எடை வரட்டும் என்று கோ-4 என்கிற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் தவிடும் மட்டுமே வருடக்கணக்கில் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். குதிரை கொழுகொழு, ஆனால் மூஞ்சி எலும்பு இரண்டு பக்கமும் புடைத்துவிட்டது. அந்த வகைப் புல்லில் இருக்கிற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், தவிட்டில் பாஸ்பரஸ்தான் அதிகம், ஆக எலும்பிலிருந்து எடுத்துத்தான் உடம்பு சமாளிக்கும். மாட்டுக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் குதிரைக்கு ஒத்துக்கொள்ளாது. சினைக்கு இது இன்னும் மோசம். குட்டிக்கும் எலும்பு கட்டியாகணுமே. லாயக்காரன், குட்டி போட்ட பிறகு உங்களுடையது எப்படி?

லாயக்காரன்:

அதைச் சொல்ல விட்டுவிட்டேன். குட்டி போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துக் கொள்ளைக் குறைத்தேன், மூன்றே வாரத்தில் மறுபடி விலா முட்டி முட்டியாக வந்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் பால் தருகிறது, சும்மாவா? இப்போது சினையில் வைத்ததைவிட அதிகமாகத்தான் வைக்கிறேன். சங்கடம் என்னவென்றால் குட்டியும் அதே தொட்டியில் தலையை விட்டு இழுக்கிறது, தாய் ஒதுங்கி விட்டுக்கொடுத்துவிடுகிறது. தனித் தொட்டி கட்டியவர்கள் யாராவது இருந்தால் எவ்வளவு உயரம் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.